ஸ்மால்-சி கம்பைலரில் நிபந்தனைச் சிக்கலைப் பிரித்த வேலை

கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலைச் சில்லுக்கான கட்டளைகளாக மாற்றித் தரும் நிரல்; அந்தக் கட்டளைகளைச் சொற்களில் எழுதிய வடிவம் அசெம்பிளி. பழைய கம்பைலரும் நான் திருத்திய கம்பைலரும் ஒரே நிரலுக்கு ஒரே அசெம்பிளியை எழுதித் தந்துவிட்டன, ஒரு பைட்கூட மாறாமல். இரண்டு கோப்புகளையும் ஒப்பிடும் சிஎம்பி கட்டளை ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் அதுதான் நல்ல செய்தி. அந்தச் சூடு ஆறுவதற்குள் என்னென்ன செய்தேன் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். பழைய கம்பைலரைத் திறந்து பார்க்க ஆசைப்படும் யாருக்காவது உதவும்.

கையில் எடுத்தது ரான் கெயின் எழுதிய ஸ்மால்-சி. 1980 மே மாத டாக்டர் டாப்ஸ் ஜர்னல் இதழில் முழு நிரலும் அச்சாகி வந்த கம்பைலர் இது. சி மொழியின் ஒரு சிறு பகுதியை வாங்கிக்கொண்டு இன்டெல் 8080 சில்லுக்கான அசெம்பிளியை எழுதித் தரும். தன் நிரலையே தானே கம்பைல் செய்துகொள்ளும். என்னிடம் இருப்பது 1.1 பதிப்பு. சுமார் இரண்டாயிரம் வரிதான். ஒரு கம்பைலர் எப்படி வேலை செய்கிறது என்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட நினைப்பவருக்கு இதைவிட நல்ல நிரல் எனக்குத் தெரியாது.

ஆனால் அதன் நிபந்தனைகள் இன்றைய சி படித்தவரைக் குழப்பும். && வர வேண்டிய இடத்தில் எல்லாம் ஒற்றை &, || வர வேண்டிய இடத்தில் ஒற்றை |. (இரட்டைக் குறி 'இதுவும் அதுவும்', 'இதுவோ அதுவோ' என்று உண்மை பொய் பார்ப்பது; ஒற்றைக் குறி எண்களைப் பிட் பிட்டாகச் சேர்ப்பது.) ஒரே வரியில் முடித்திருக்கலாம் போலத் தெரியும் இடத்தில் இஃப்புக்குள் இஃப். நிபந்தனைக்கு உள்ளேயே மதிப்பைப் போட்டுக்கொள்வது. முடிவில்லாத வைல் சுற்றுக்குள் திரும்பத் திரும்ப ஒரே துண்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கன்டினியூ, அதாவது சுற்றின் தொடக்கத்துக்குத் திரும்பு என்ற கட்டளை. இவற்றைப் படிக்கும்படி ஆக்க வேண்டும், கம்பைலர் தரும் விடை மட்டும் மாறக்கூடாது. இவ்வளவுதான் வேலை.

முதலில் ஓட வைப்பது

உபுண்டு கணினியில் ஜிசிசி என்ற இன்றைய சி கம்பைலர் கொண்டு கட்டினேன். இரண்டு தெரிவுகள் கட்டாயம். ஒன்று எம்32. இந்த நிரல் முகவரிகளைச் சாதாரண இன்ட் வேரியபிளில் போட்டு வைக்கிறது. 8080-இல் இரண்டுமே 16 பிட் என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. இன்றைய 64 பிட் கணினியில் முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டு நிரல் உடனே விழுந்துவிடும். எம்32 வேலை செய்ய ஜிசிசி-மல்டிலிப் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

இன்னொன்று ஆன்ஸி தெரிவு. கெயின் ஒரு ஃபங்ஷனுக்கு இன்லைன் என்று பெயர் வைத்திருக்கிறார். உள்ளீட்டிலிருந்து ஒரு வரி படிக்கும் ஃபங்ஷன் அது. பிற்காலத்தில் அதே சொல் மொழியின் சொந்தச் சொல்லாகிவிட்டது. ஆன்ஸி தெரிவு கொடுத்தால் ஜிசிசி அதைச் சாதாரணப் பெயராக ஏற்றுக்கொள்கிறது. கூடவே இன்னொரு லாபமும் உண்டு. அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் ஜிசிசியின் 14-ஆம் பதிப்பு பிழை என்று நின்றுவிடும். பழைய மொழித்தரத்தைச் சொல்லிவிட்டால் நிற்காது.

கம்பைலர் தொடங்கியதும் கேள்வி கேட்கும்: சி வரிகளையும் அசெம்பிளியில் சேர்க்கவா, எந்தக் கோப்பில் எழுத, எந்தக் கோப்பைப் படிக்க. பதில்களை ஒரு சிறு கோப்பில் எழுதி உள்ளீடாகத் திருப்பிவிட்டேன். அப்புறம்தான் சோதனையை ஒரே கட்டளையில் ஓட்ட முடிந்தது.

ஒரு வரியைக்கூடத் தொடுவதற்கு முன்னால், தொடாத கம்பைலரிடம் அதன் சொந்த நிரலையே கொடுத்து, வந்த அசெம்பிளியைத் தனியாகப் பாதுகாத்து வைத்தேன். உள்ளீடாகக் கொடுத்த நிரலின் பிரதியையும் பூட்டி வைத்தேன். இனி எந்தத் திருத்தம் செய்தாலும் இந்தப் பழைய பிரதியைக் கொடுத்து, இந்தப் பழைய அசெம்பிளி வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. இந்த ஏற்பாடு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏன் இப்படி எழுதினார்

காரணம் கம்பைலருக்குள்ளேயே இருக்கிறது. கோவையை, அதாவது குறிகளால் சேர்த்து எழுதிய கணக்கை, படிக்கும் ஃபங்ஷன்கள் ஹெயர்1 முதல் ஹெயர்11 வரை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஹெயர்1 மதிப்பிடுதலுக்கு, ஹெயர்2 | குறிக்கு, ஹெயர்3 ^ குறிக்கு, ஹெயர்4 & குறிக்கு, ஹெயர்5 சமமா இல்லையா என்பதற்கு, ஹெயர்6 பெரிதா சிறிதா என்பதற்கு. && குறிக்கும் || குறிக்கும் அந்த அடுக்கில் இடமே இல்லை. தன்னைத் தானே கம்பைல் செய்ய வேண்டிய நிரல் தனக்குத் தெரியாத குறியை எப்படிப் பயன்படுத்தும்? இருப்பதை வைத்து எழுதியிருக்கிறார்.

இது கெயினோடு தொடங்கிய வழக்கமும் இல்லை. சி மொழியின் ஆரம்ப காலத்தில் அதை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியின் கம்பைலரிலும் & என்ற ஒரே குறிதான் இரண்டு வேலையும் பார்த்தது. && பின்னால் வந்தது. ஆனாலும் & குறியின் முன்னுரிமை == குறிக்குக் கீழேயே தங்கிவிட்டது, இன்றுவரை. ஸ்மால்-சியில் ஹெயர்4, ஹெயர்5-ஐ அழைக்கும் அந்த வரிசை அதே மரபுதான்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டதும் மற்ற கோணல்களுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. && இடப்பக்கம் பொய் என்றால் வலப்பக்கத்தைத் தொடாது. & அப்படி இல்லை, இரண்டு பக்கத்தையும் கணக்கிட்டே தீரும். ஹெயர்6-இல் வரும் இந்தத் துண்டைப் பாருங்கள், பெயர்களைத் தமிழில் மாற்றியிருக்கிறேன் (குறி என்பது இங்கே குறியீட்டு அட்டவணையில் ஒரு பெயருக்கான பதிவின் முகவரி, பாயின்டர் என்பது முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்):

இஃப் (குறி = இடது[0])
  இஃப் (குறி[வகை] == பாயின்டர்) ...

இரண்டையும் ஒரே & கொண்டு சேர்த்திருந்தால், குறி பூஜ்யமாக இருக்கும்போதும் குறி[வகை] படிக்கப்படும். வகை என்பது 9, அதாவது அந்தப் பதிவின் 9-ஆம் இடம். ஆக நினைவகத்தின் 9-ஆம் முகவரி படிக்கப்படும். 8080-இல் அது ஆர்எஸ்டி 1 குறுக்கீட்டுக்கு ஒதுக்கிய எட்டு பைட்டுகளுக்குள் வரும் இடம். சிபி/எம் என்ற அந்தக் கால இயங்குதளம் ஓடும் கணினியில் நினைவகப் பாதுகாப்பு எதுவும் கிடையாது என்பதால் நிரல் விழாது. அங்கே கிடக்கும் பைட் தற்செயலாக 3 ஆக, அதாவது பாயின்டரைக் குறிக்கும் எண்ணாக, இருந்தால் அதைப் பாயின்டர் என்று நம்பித் தவறான அசெம்பிளியை எழுதிவிடும். விழுவதைவிட இது மோசம். அதனால்தான் இஃப்புக்குள் இஃப். முதலில் இதை அலங்கோலம் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது பாதுகாப்பு வேலி.

இதே யோசனை அடுத்த எழுத்தை எட்டிப் பார்க்கும் சின்ன ஃபங்ஷனிலும் இருக்கிறது. இப்போதைய எழுத்தே பூஜ்யமென்றால், அதாவது வரி முடிந்துவிட்டதென்றால், அடுத்ததைப் பார்க்காமல் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். / எழுத்தும் * எழுத்தும் அடுத்தடுத்து வருகிறதா என்று & கொண்டு கேட்கும்போது வலப்பக்கம் எப்படியும் ஓடும். அப்படி ஓடும்போது வரியின் எல்லையைத் தாண்டாமல் இருக்க, காவலை ஃபங்ஷனுக்கு உள்ளேயே வைத்துவிட்டார்.

அச்சுப் பிரதியும் பேனாக்களும்

திரையில் பார்த்து இதைச் செய்ய முடியவில்லை. நகல் கடையில் பக்கம் 2 ரூபாய் கொடுத்து மொத்தத்தையும் ஏ4 தாளில் எடுத்தேன், நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பணமாகச் செலவானது அதுவும் மூன்று நிறப் பேனாக்களும்தான். ஒவ்வொரு & குறியையும் | குறியையும் கிரெப் என்ற தேடும் கட்டளையால் வரி எண்ணோடு எடுத்து, தாளில் நிறம் போட்டேன்.

பச்சை: இரண்டு பக்கமும் ஒப்பீடு, விடை 0 அல்லது 1 மட்டுமே. சிவப்பு: உண்மையிலேயே பிட் வேலை. நீலம்: ஒரு பக்கமாவது 0, 1 தவிர வேறு எண்ணைத் தரக்கூடியது.

சிவப்பு குறைவு, ஆனால் உயிர்நாடி. எழுத்தா, எண்ணா என்று பார்க்கும் ஃபங்ஷன்கள் முதல் வேலையாக எழுத்தை 127-உடன் & செய்து மேல் பிட்டைக் கழற்றுகின்றன. குறியீட்டு அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கும் 14 பைட். அதில் 12-ஆம் இடத்தில் தொடங்கும் இரண்டு பைட்டுகளில் வேரியபிளின் இருப்பிடம் இருக்கிறது. அதைச் சேர்த்தெடுக்கும் இடத்தில் 255-உடன் ஒரு &.

நீலம்தான் நேரத்தைத் தின்றது. காரணம், இரண்டு சரங்களை ஒப்பிடும் ஃபங்ஷன். பொருந்தினால் அது 1 தருவதில்லை, பொருந்திய நீளத்தைத் தருகிறது. அந்த நீளத்தை வைத்துத்தான் அழைத்தவர் உள்ளீட்டில் அத்தனை எழுத்து முன்னே நகர்கிறார், அதனால் அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஹெயர்6-இல் இப்படி ஒரு வரி வருகிறது:

(ஒப்பிடு(இங்கே, "<")) & (ஒப்பிடு(இங்கே, "<<") == 0)

இடப்பக்கம் 1, வலப்பக்கம் 1, சேர்த்தால் 1. சரி. ஆனால் இது சரியாக வருவதற்கு ஒரே காரணம் "<" என்பது ஒரே எழுத்து என்பதுதான். அந்த இடத்தில் "<=" இருந்திருந்தால் இடப்பக்கம் 2. இரண்டையும் ஒன்றையும் & செய்தால் பூஜ்யம். இரண்டுமே உண்மை, விடை மட்டும் பொய்! இந்த மாதிரி வரியை முன்மாதிரியாக வைத்து யாராவது புதுக் குறி சேர்க்கப் போனால் எத்தனை இரவு உட்கார வேண்டியிருக்கும் என்று யோசித்தபோது, இதைத் திருத்தியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நிறம் போட்டதில் ஏதாவது தப்பியதா என்று பார்க்க ஒரு தற்காலிக ஃபங்ஷன் எழுதினேன். இரண்டு மதிப்புகளை வாங்கி, பிட் முறையில் ஒன்று, உண்மை பொய் முறையில் ஒன்று என இரண்டு விடை கண்டு, அவை வேறுபட்டால் வரி எண்ணைத் திரையில் எழுதும். பச்சை, நீலம் இடங்களில் எல்லாம் & குறிக்குப் பதிலாக அதை வைத்து ஓட்டினேன். ஒரு இடத்திலும் அது வாய் திறக்கவில்லை. கெயின் அநேகமாக எல்லா ஒப்பீட்டையும் == 0 என்று முடித்திருப்பதால் மதிப்பு தானாகவே 0, 1 ஆகிவிடுகிறது. கவனமாக எழுதிய மனிதர்.

&& போட்டுப் பார்த்தது

பச்சை, நீலம் எல்லாவற்றையும் கையால் && ஆகவும் || ஆகவும் மாற்றினேன். மொத்தமாகத் தேடி மாற்றும் கட்டளை இங்கே உதவாது. 127 இடத்தில் && விழுந்தால் எந்த எழுத்தும் எழுத்தாகத் தெரியாது, எல்லாப் பெயரும் செல்லாத பெயர் ஆகிவிடும். மேற்கோளுக்குள் இருக்கும் '&' வேறு கெட்டுப்போகும்.

கையால் மாற்றியது ஜிசிசியில் சுத்தமாகக் கட்டியது. பழைய அசெம்பிளியும் அப்படியே வந்தது. படிக்கவும் நன்றாக இருந்தது. ஆனால் திருத்திய நிரலை ஸ்மால்-சியிடமே கொடுத்தால் ஏற்க மறுத்தது. ஹெயர்4 முதல் & குறியை எடுத்துக்கொள்கிறது; இரண்டாவது & கீழே ஹெயர்10 வரை இறங்கி, முகவரி எடுக்கும் குறியாகப் படிக்கப்படுகிறது. அடைப்புக்குள் இருக்கும் ஒப்பீட்டுக்கு ஏது முகவரி? முகவரி தவறு என்று பிழைச் செய்தி வருகிறது. அந்த இடத்தில் தனி வேரியபிள் வந்தால் பிழைச் செய்திகூட வராது, மதிப்புக்குப் பதிலாக முகவரியை எடுத்துக்கொண்டு போய்விடும். || என்றால் கோவையே செல்லாது என்று நிற்கிறது.

தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் திறமை போய்விட்டால் ஸ்மால்-சியில் பாதி போய்விட்டது. && சேர்ப்பதற்காக மொழியையே நீட்டுவது இன்னொரு வழி. ஜேம்ஸ் ஹென்ட்ரிக்ஸ் 1982-இல் கொண்டுவந்த இரண்டாம் பதிப்பில் அந்தக் குறிகள் வந்துவிட்டன. அது வேறு வேலை. நான் அந்தக் கிளையை, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் அப்படியே நிறுத்திவிட்டு, முதல் பதிப்பின் மொழிக்குள்ளேயே தீர்வு தேடினேன்.

சின்னச் சின்னக் கேள்விகள்

தீர்வு எளிமையானது: நிபந்தனையைப் பெயருள்ள ஃபங்ஷனாக வெளியே எடுப்பது. இரண்டே விதி. அது 0 அல்லது 1 மட்டுமே தர வேண்டும். உள்ளீட்டை ஒரு எழுத்துகூட நகர்த்தக்கூடாது. இந்த இரண்டும் இருந்தால் அதன் மேல் & போட்டாலும் | போட்டாலும் ஆபத்து இல்லை.

முதலாவது, இந்த இடம் பாயின்டரா என்று கேட்கும் ஃபங்ஷன். மேலே சொன்ன இஃப்புக்குள் இஃப் அதற்குள் போய்விட்டது, பாதுகாப்பு வேலியும் கூடவே போய்விட்டது. மூல நிரல் இதற்கு ஒரு பொது வேரியபிளைப் பயன்படுத்துகிறது. நான் உள்ளூர் வேரியபிள் வைத்தேன். ஹெயர்6-இல் <=, >=, <, > என நான்கு குறிக்கும் இடப்பக்கத்துக்கு ஒன்று வலப்பக்கத்துக்கு ஒன்று என எட்டு இடத்தில் அந்தத் துண்டு நின்றது. இப்போது ஒவ்வொரு குறிக்கும் ஒரே வரி:

இஃப் (பாயின்டரா(இடது) | பாயின்டரா(வலது)) குறியில்லா_ஒப்பீடு();
எல்ஸ் குறியுள்ள_ஒப்பீடு();

கன்டினியூ எதுவும் தேவைப்படவில்லை. ஏன் இந்தப் பிரிவு என்றால், முகவரி 0 முதல் 65535 வரை போகும். குறியுள்ள எண்ணாக ஒப்பிட்டால் 32767-க்கு மேற்பட்ட முகவரி எல்லாம் பூஜ்யத்தைவிடச் சிறியதாகிவிடும்.

இரண்டாவது, உள்ளீட்டில் இங்கே இந்தக் குறி நிற்கிறதா என்று கேட்பது. பழைய ஒப்பீட்டு ஃபங்ஷனை அழைத்து விடையை 0, 1 ஆக்கித் தருவதுதான் அதன் வேலை. நீலம் எல்லாம் இதோடு தீர்ந்தது.

மாற்றிக்கொண்டிருக்கும்போது கண்ணில் பட்ட ஒன்று. ஹெயர்6-இன் தொடக்கத்தில் <, >, <=, >= நான்கும் இல்லையென்றால் திரும்பிவிடு என்று இருக்கிறது. ஒப்பீட்டு ஃபங்ஷன் முன்னெழுத்துகள் பொருந்தினாலே ஒப்புக்கொள்ளும். ஆகவே < இல்லாத இடத்தில் <= இருக்க வழியே இல்லை. பின்னிரண்டும் தேவையற்றவை, எடுத்துவிட்டேன். ஆனால் இதே காரணத்தால் கீழே எல்ஸ்-இஃப் வரிசையில் <= முன்னாலும் < பின்னாலும்தான் இருக்க வேண்டும். அழகுக்காக வரிசையை மாற்றினால் <= என்பது < ஆகவும், ஒட்டாத ஒரு = ஆகவும் உடையும். மொழிச்சொற்களைப் பார்க்கும் நீண்ட எல்ஸ்-இஃப் வரிசை அப்படியில்லை. அங்கே முழுச்சொல் பொருத்தம் பார்க்கும் வேறு ஃபங்ஷன் இருக்கிறது, இன்ட் என்பது இன்டிஜர் என்ற பெயரோடு பொருந்தாது. அந்த வரிசையை எப்படி அடுக்கினாலும் ஒன்றுதான். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் இதைக் குறிப்பாக எழுதி வைத்தேன்.

ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்புக்கும் விலை உண்டு. 8080-இல் கால் கட்டளை 3 பைட், 17 சுழற்சி. திரும்பி வர 10 சுழற்சி. அளவுருவை அடுக்கில் தள்ள இன்னொரு 11. 2 மெகாஹெர்ட்ஸ் கணினியில் ஒரு கேள்விக்கு இருபது மைக்ரோவினாடி அளவு கூடுதல். எட்டு துண்டு ஒன்றாகச் சுருங்கியதில் மிச்சமாகும் இடத்துக்கு இது தாராளமாகத் தகும்.

சோதனை எட்டாத இடங்கள்

சிஎம்பி அமைதியாக இருந்தாலும் அதோடு விட மனம் வரவில்லை. ஜிகோவ் கருவியால் எந்தக் கிளை எத்தனை தடவை ஓடியது என்று பார்த்தேன். கம்பைலரின் சொந்த நிரலைக் கொடுத்தும் ஹெயர்6-இல் சில கிளைகளில் எண் பூஜ்யமாகவே இருந்தது. நான் திருத்திய இடமே அதுதான் எனும்போது அந்த அமைதிக்கு என்ன மதிப்பு? நான்கு குறிகளுக்கும் பாயின்டர் இடப்பக்கம், வலப்பக்கம், எங்கும் இல்லை என்று மூன்று விதம், ஆக 12 வரியுள்ள ஒரு சிறு நிரல் எழுதி, பழைய கம்பைலரிடமும் புதியதிடமும் கொடுத்தேன். இரண்டும் ஒரே நூலக ஃபங்ஷன்களையே அழைத்தன. தொடக்கத்தில் சொன்ன ஒத்துப்போதல் இதையும் சேர்த்துத்தான்.

அடுத்த முறை இந்தப் பன்னிரண்டு வரியை முதலிலேயே எழுதுவேன். நிறம் போட்டு முடிக்கும் முன் நிரலின் வரி அமைப்பை இன்டென்ட் கருவியால் சீர்படுத்தவும் மாட்டேன். கிரெப் தந்த வரி எண்கள் எல்லாம் நகர்ந்து, தாளில் எழுதியதோடு பொருந்தாமல் போகும். பெயர் மாற்றத்தையும் நிபந்தனை மாற்றத்தையும் தனித்தனி கமிட்டாக, அதாவது கிட்டில் தனித்தனிப் பதிவாக, வைத்தது நல்லதாகப் போயிற்று, அதை அப்படியே தொடர்வேன்.

இப்போது மேசையில் இருப்பது ஹெயர்8, கூட்டலும் கழித்தலும். அங்கேயும் அதே இஃப்புக்குள் இஃப் இருக்கிறது: இன்ட் பாயின்டரோடு எண்ணைக் கூட்டினால் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள. ஆனால் இங்கே இடப்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது. பாயின்டர் + 1 என்றால் இரண்டு பைட் நகரும், 1 + பாயின்டர் என்றால் ஒரே பைட். என் புதிய ஃபங்ஷனை இரண்டு பக்கமும் போட்டுவிடக் கை துடிக்கிறது. போட்டால் அது சீர்படுத்தல் இல்லை, கம்பைலரின் நடத்தையையே மாற்றுவது. அதனால் இப்போதைக்கு இடப்பக்கம் மட்டும் பாயின்டரா என்று கேட்கும்படி எழுதி, 1 + பாயின்டர் என்ற வரியைப் பழைய விடையோடு சோதனையில் சேர்த்துவிட்டேன். அதைத் திருத்துவதென்றால் தனிக் கமிட், தனிக் குறிப்பு.